நொடிக்கு இருபது படம்

விற்கிறவர் விலை சொல்வார், வாங்குகிறவர் குறைத்துக் கேட்பார். உலகம் அப்படித்தான் நடக்கிறது. வாங்குகிறவரிடமே போய், "நீங்களே ஒரு விலை சொல்லுங்கள்" என்று கேட்பது என் வேலை. சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்றில் பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறேன். கடைக்கு இன்னும் வராத பொருளை டேப்லெட்டில் காட்டுவேன், எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்பேன், வரும் பதிலைக் கட்டத்தில் நிரப்பி அனுப்புவேன். எங்கள் கையேட்டின் முதல் விதி: பதில் சொல்பவர் சொன்னதை அப்படியே எழுது. திருத்தாதே, விளக்காதே.

நான்கு வருடங்களுக்கு முன் நான் காட்டியது லூமா என்ற கேம் கன்சோல். அடுத்த தலைமுறைக் கருவி. அது வருவதற்கு ஒரு வருடம் முன்பே இணையத்தில் அடிதடி நடந்துகொண்டிருந்தது. எட்டு-கே துல்லியம் உண்மையாகவே வருமா, நொடிக்கு நூற்றிருபது ஃபிரேம் ஓடுமா, விலை எண்பதாயிரத்தைத் தாண்டுமா என்று வேலைவெட்டி உள்ளவர்கள்கூட வரிந்துகட்டிக்கொண்டு எழுதினார்கள். தூத்துக்குடி மாவட்டம் என் பங்கு. நான் அந்த ஊர்க்காரி என்பதால் பேச்சு எளிது என்று மேலாளர் நினைத்தார்.

ஒன்பதாவதாக நான் பார்த்த ஆள், தருவைப்பட்டி மேல்நிலைப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் தளவாய். வயது நாற்பத்தெட்டு. ஒரு காலத்தில் மாவட்டமே பேசிய கபடி வீரர். முட்டி போன பிறகு நடுவரானார். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பக்கம் எந்தப் பெரிய கபடிப் போட்டி நடந்தாலும் விசில் அவர் வாயில்தான் இருக்கும். ஒரு ரூபாய் வாங்கமாட்டார், சொந்தத் தம்பி ஆடினாலும் அவுட் என்றால் அவுட். தராசு என்று அவருக்குப் பட்டப்பெயர். லூமாவோடு ஒரு கபடி விளையாட்டும் வருகிறது என்று கேள்விப்பட்டிருந்தார். முட்டி இல்லாமல் ஆட ஒரு வழி கிடைக்கிறதே என்ற ஆசை அந்தக் கண்ணில் நன்றாகவே தெரிந்தது.

"எண்பத்தஞ்சாயிரமா? என்னம்மா, தங்கத்துலயா செஞ்சிருக்கான்?" என்றார்.

"நீங்க எவ்வளவு எதிர்பாக்கிய, அண்ணாச்சி?"

"முப்பதுன்னா கொண்டாங்க. எடுத்துக்கிடுதேன். இல்லன்னா கெடக்கட்டும்."

சொல்லிவிட்டு எழுந்து இரண்டு எட்டு நடந்தார். மீன் சந்தையில் விலை படியாதபோது நடக்கிற நடை அது. அவர் நடந்தது அவருடைய சொந்த அறையில். வாசல் வரை போய்விட்டு, நான் கூப்பிடுவேன் என்று எதிர்பார்த்து ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் கூப்பிடவில்லை. முப்பது என்று சொல்லும் வாய்க்குப் பின்னால் அறுபது இருக்கும் என்று எங்கள் ஊரில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கட்டத்தில் முப்பதாயிரம் என்று எழுதினேன். விதி அப்படி.

என்னைப் போன்ற எழுபது பேர் ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டோம். எல்லோரும் பாதி விலைக்கும் கீழே கேட்டார்கள். எங்கள் ஜனங்கள் பேரம் பேசினார்கள். வாழ்க்கையில் பேரமே பேசியிராத யாரோ எங்கோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து அதைப் புள்ளிவிவரம் என்று நம்பினார்கள். அடுத்த வருடம் எண்பத்தைந்தாயிரத்து லூமாவோடு, இந்தப் பக்கத்துக்கென்றே முப்பதாயிரத்துக்கு ஒரு மாடல் வந்தது. லூமா லைட். பார்த்தால் படம் ஒரே மாதிரிதான் இருந்தது. ஒரே வித்தியாசம், லைட் மாடலில் தலையில் ஒரு பட்டை மாட்டிக்கொள்ள வேண்டும்.

தளவாய் முதல் வாரமே வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்கூட வந்தது.

*

அதற்கு இரண்டரை வருடம் கழித்து, பொங்கல் முடிந்த கையோடு, லூமா கம்பெனி எங்கள் நிறுவனத்துக்கே இன்னொரு வேலை கொடுத்தது. லைட் மாடல் வாங்கியவர்களில் சிலருக்குப் பார்வையில் ஏதோ கோளாறு என்று புகார்கள் வந்திருந்தன. வழக்கு பெரிதாகும் முன் ஆட்களைப் பார்த்து, படிவம் நிரப்பி, இழப்பீடு கொடுத்து முடித்துவிட வேண்டும். பழைய பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தளவாய் பெயருக்கு எதிரே சிவப்புக் குறி இருந்தது.

அவர் விஷயம் ஊரறிந்தது. பொங்கல் போட்டி இறுதி ஆட்டம். ஒரு பக்கம் தருவைப்பட்டி ஊர் அணி வெற்றிவேல், இன்னொரு பக்கம் காலனி அணி விடிவெள்ளி. சம புள்ளியில் கடைசிப் பாட்டு, அதாவது கடைசி ரெய்டு. விடிவெள்ளி கேப்டன் வேந்தன் பாடிப் போய், எதிரணிக்காரன் குதிகாலைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிக் கையைத் தூக்கினான். தொடவில்லை என்றார் தளவாய். கூடுதல் ஆட்டத்தில் வெற்றிவேல் ஜெயித்தது. அன்று மாலையே யாரோ போனில் எடுத்த வீடியோ மாவட்டம் முழுக்கச் சுற்றியது. வேந்தனின் மூன்று விரல்கள் அந்தக் குதிகாலில் பட்டது அதில் பளிச்சென்று தெரிந்தது.

தராசு விலைபோய்விட்டது என்று பேசினார்கள். ஐம்பதாயிரம் என்றார்கள், லட்சம் என்றார்கள். தேசியப் போட்டிக்கு நடுவராக அவர் பெயர் போயிருந்தது, மாவட்டக் கபடிச் சங்கம் அதை நிறுத்திவைத்து விசாரணை போட்டது. இத்தனை அமளியிலும் விடிவெள்ளிப் பையன்கள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறிப் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தளவாய் மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"தாயி, நான் பணம் வாங்கல. எம் பொண்டாட்டி தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுதேன். அன்னைக்கு நான் பாத்தேன். அவன் விரலுக்கும் குதிகாலுக்கும் நடுவுல நாலு விரக்கடை எடம் இருந்துச்சு. எங் கண்ணால பாத்தேன்."

அவர் பொய் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் கண்ணையும் மூளையையும் சோதித்தார்கள். அறிக்கை வந்ததும், சென்னையிலிருந்து கம்பெனியின் பொறியாளர் ஹரிணி போனில் விளக்கினாள். தளவாய் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"சார், விலை கூடின லூமா நொடிக்கு நூத்திருபது படம் வரையும். அதுக்குப் பெரிய சிப் வேணும். முப்பதாயிரத்துல அந்த சிப் வைக்க முடியாது. லைட் மாடல் நொடிக்கு இருபது படம்தான் வரையும். மிச்சம் நூறையும் உங்க மூளையே வரைஞ்சுக்கும். தலையில மாட்டுற பட்டை லேசா கரண்ட் குடுத்து மூளையை அதுக்குப் பழக்கும்."

"எம் மூளை எப்படிம்மா வரையும்? அதுக்குத்தான் படம் என்னன்னே தெரியாதே."

"முன்னாடி என்ன வந்துச்சு, அடுத்து என்ன வரும்னு எதிர்பார்த்து இடைவெளியை நிரப்பும் சார். எல்லார் மூளையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யறதுதான். நாங்க அதை அதிகமாக்கினோம். சிலருக்கு விளையாட்டை விட்டு வெளிய வந்தப்புறமும் அது நிக்கல. வேகமா நடக்கிற எதைப் பார்த்தாலும், மூளை நொடிக்கு இருபது தடவை எட்டிப் பார்த்துட்டு மிச்சத்தை அதுவா வரைஞ்சுடுது."

"சம்பளமில்லாம வேலை வாங்கியிருக்கிய, நம்ம தலைக்குள்ளயே" என்றார் தளவாய். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். "தாயி, அன்னைக்கு நான் அறுபது வரைக்கும் கையில வச்சிருந்தேன். நீங்க ஒரு வார்த்தை ஏத்திக் கேட்டிருந்தா நாப்பத்தஞ்சுக்கு வந்திருப்பேன்."

"தெரியும் அண்ணாச்சி" என்றேன். வெட்கமாக இருந்தது.

ஆனால் அவர் கோபப்படவில்லை. பட்டையைக் கழற்றிவிட்டால் மூன்று நான்கு மாதத்தில் பார்வை பழையபடி ஆகிவிடும் என்று டாக்டர் எழுதியிருந்தார். அதைவிட முக்கியம், தவறுக்குக் காரணம் கருவி என்று கம்பெனியே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும். அந்தத் தாளைச் சங்கத்தின் முகத்தில் வீசலாம். தராசு மறுபடி தராசு. தேசியப் போட்டிக்கும் போகலாம். அவருக்கு வேண்டியது அதுதான். இழப்பீட்டுத் தொகையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

*

படிவத்தின் பதிமூன்றாவது கேள்விக்கு ஒரு பட்டியல் வேண்டும்: கருவி வாங்கியபின் நேர்ந்த தவறுகள் அனைத்தும், தேதியோடு. மார்ச் மாதம் நான்கு நாட்கள் பள்ளியின் விளையாட்டு அறையில் உட்கார்ந்து பழைய வீடியோக்களை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். சங்கம் எல்லா ஆட்டத்தையும் படம்பிடித்து வைத்திருந்தது. இரண்டரை வருடத்தில் அவர் நடுவராக நின்றது அறுபது ஆட்டம்.

முதல் நாள் அவர் உற்சாகமாகவே இருந்தார். ஆட்டக்காரர்களைப் பற்றி விமர்சனம் வேறு. "இந்த விடிவெள்ளிப் பயலுவளப் பாருங்க. திறமைன்னா அப்படியொரு திறமை. முரட்டு ஆட்டத்த மட்டும் கொறச்சானுவன்னா எங்கயோ போயிருவானுவ. தொடுன்னா போய் முட்டித் தள்ளுதான் பாருங்க. எத்தனை தடவ எச்சரிக்க குடுத்திருக்கேன் தெரியுமா?"

தவறு கண்டுபிடிக்கும்போதெல்லாம், "போடுங்க, போடுங்க" என்றார். ஒவ்வொரு தவறும் அவர் பக்கத்துச் சாட்சி. தொட்டதைத் தொடவில்லை என்றது ஏழு, தொடாததைத் தொட்டதென்றது நான்கு. மொத்தம் பதினொன்று.

நான்காம் நாள் மதியம் பட்டியலை அவரிடம் நீட்டினேன், சரிபார்த்துக் கையெழுத்துப் போட. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழாகப் படித்தார். பிறகு கீழிருந்து மேலாக. பேனாவை எடுத்தவர் மூடிவைத்துவிட்டார்.

"தாயி, இதுல விடிவெள்ளி எத்தனை?"

எண்ணினேன். பதினொன்றில் பத்து விடிவெள்ளிக்கு எதிராக இருந்தன. அறுபது ஆட்டங்களில் அவர்கள் ஆடியது பதினான்குதான்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஹரிணியைக் கூப்பிடச் சொன்னார்.

"யம்மா, ஒரு சந்தேகம். அந்த மிசினுக்கு, யாரு எந்த டீமுன்னு தெரியுமா?"

"இல்ல சார். அதுக்கு எப்படித் தெரியும்? அது இடைவெளி மட்டும்தான் விடும்."

"அப்ப இடைவெளியில வரைஞ்சது?"

"நீங்கதான் சார். உங்க எதிர்பார்ப்பு."

நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன். தற்செயலாக இருக்கும், அவர்கள் வேகமாக ஆடுகிறவர்கள், வேகமான ஆட்டத்தில்தானே தவறு வரும் என்றெல்லாம் அளந்தேன். அவர் தலையாட்டினார், ஆனால் கேட்கவில்லை. எனக்கு உள்ளூர எரிச்சலாகவும் இருந்தது. கையெழுத்துப் போட்டால் முடிந்தது. எந்த அணி என்று படிவத்தில் கேள்வியே கிடையாது.

"கொஞ்ச நாள் தாங்க தாயி" என்றார்.

கொஞ்ச நாள் இரண்டு மாதம் ஆனது. இடையில் அவர் மறுபடி பாளையங்கோட்டைக்குப் போய்ச் சோதனை செய்துகொண்டார். பார்வை முழுக்கச் சரியாகிவிட்டது என்று அறிக்கை என் மின்னஞ்சலுக்கு வந்தது. மே மாதம் போன் செய்து வரச் சொன்னார்.

போனபோது அதே விளையாட்டு அறையில், அதே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மேசையில் ஒரு பள்ளி நோட்டு. லூமா வாங்குவதற்கு முந்தைய ஆறு வருடத்து ஆட்டங்களைத் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

"எட்டு தப்பு" என்றார். "ஆறு வருசத்துக்கு எட்டுங்கறது ஒண்ணுமே இல்ல. நல்ல நடுவருக்கே அதுக்கு மேல வரும். அதான் எவனும் கண்டுபிடிக்கல."

நோட்டை என் பக்கம் திருப்பினார். எட்டில் ஏழுக்கு எதிரே 'வி' என்று எழுதியிருந்தார்.

"மிசினு எண்ணிக்கையக் கூட்டிருக்கு, தாயி. திசைய மாத்தல."

"நீங்க வேணும்னு செய்யல அண்ணாச்சி" என்றேன்.

"வேணும்னு செஞ்சிருந்தா மன்னிப்பு கேட்டுட்டுப் போயிரலாம்லா."

*

காலனி மைதானம் உப்பளத்துக்குப் போகும் பாதையில் இருந்தது. பிற்பகல் வெயிலில் பையன்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். இத்தனை வருடத்தில் தளவாய் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை என்று வழியில் சொன்னார். போட்டி நடப்பதெல்லாம் ஊர் மைதானத்தில்தான்.

வேந்தன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், இருபத்தாறு வயது. தளவாயின் பழைய மாணவன். எங்களைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தான். தளவாய் ஒரு பென்டிரைவை நீட்டினார்.

"வேந்தா, இதுல பதினேழு ஆட்டத் துண்டு இருக்கு. எல்லாம் உங்களுக்கு எதிரா நான் குடுத்த தப்பு. பாதி மிசினால வந்தது. மீதி மிசினு வாங்குறதுக்கு முன்னாலயே. நான் பாத்தது நெசம்னுதான் இத்தன நாளு நெனச்சிருந்தேன். எனக்கே இப்பத்தான் தெரியும்."

வேந்தன் அதை வாங்கிக் கையில் உருட்டினான். ஆச்சரியப்படுவான் என்று நினைத்தேன். கோபப்பட்டாலும் நியாயம்தான்.

"எங்களுக்குத் தெரியும் சார்" என்றான்.

"எப்பருந்து?"

"எங்கப்பா ஆடுன காலத்துலருந்து. டீமுக்குப் புதுசா ஒருத்தன் வந்தாம்னா மொத நாளே சொல்லிக் குடுத்துருவோம். தொட்டாப் பத்தாது, எதிராளி தடுமாறணும், சத்தம் கேக்கணும், அப்பத்தான் தளவாய் சார் கண்ணுக்குத் தெரியும்னு. அதுக்கு நீங்க முரட்டு ஆட்டம்னு எச்சரிக்க குடுப்பிய. சரி, பாயிண்டு வந்துச்சுல்லா, எச்சரிக்கதான, போட்டும்னு விட்டுருவோம்."

அவன் குரலில் குத்தல் எதுவும் இல்லை. மழை வந்தால் குடை எடுத்துக்கொள்வோம் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னான். வேந்தன் பென்டிரைவைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "இருங்க சார், டீ சொல்லுதேன்" என்று போனான்.

மைதான ஓரத்தில் ஒரு சிமெண்ட் குழாய் மேல் உட்கார்ந்தோம். நான் டேப்லெட்டை எடுத்தேன். அன்று மாலைக்குள் படிவத்தை அனுப்பியாக வேண்டும். மீதி இருந்தது ஒரே கேள்வி, பதினான்காவது. கருவி வாங்குவதற்கு முன் இத்தகைய தவறுகள் நிகழ்ந்தனவா? ஆம் அல்லது இல்லை. ஆம் என்றால் கோரிக்கை தானாகவே தள்ளுபடி. கம்பெனியின் தாள் கிடைக்காது, சங்கத்தின் விசாரணை நிற்காது, தேசியப் போட்டி கிடையாது. ஊர் தன் பேச்சைத் தொடரும்.

"அண்ணாச்சி, ஆறு வருசத்துக்கு எட்டுதான. நீங்களே சொன்னிய, அது ஒண்ணுமே இல்லன்னு. இல்லன்னு போட்டா பொய்யாயிராது" என்றேன். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் பதிலை நான் திருத்தப் பார்த்தேன். முன்பு ஒருமுறை திருத்தியிருக்க வேண்டியதை இப்போது ஈடுகட்டுவதாக எனக்கு ஒரு நினைப்பு.

அவர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நடுவர் இல்லை, விசில் இல்லை. மெலிந்த ஒருவன் பாடிப் போனான். முட்டவில்லை, தள்ளவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு விரல் நுனியால் எதிரே நின்றவன் முழங்காலைத் தடவிவிட்டு வந்தான். அவ்வளவு மெதுவான, அவ்வளவு அழகான ஆட்டத்தை விடிவெள்ளியிடம் நான் எந்த வீடியோவிலும் பார்த்ததில்லை. தொடப்பட்டவன் தானே கையைத் தூக்கிவிட்டு வெளியே நடந்தான்.

"அவன் ஏன் வெளிய போறான்?" என்றார் தளவாய்.

"தொட்டாச்சு அண்ணாச்சி. முழங்கால்ல."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பார்வை முழுக்கச் சரியாகிவிட்டது என்ற அறிக்கை என் பையில் இருந்தது.

"நான் பாக்கலியே, தாயி" என்றார்.

வேந்தன் மூன்று டம்ளர் டீயோடு வந்துகொண்டிருந்தான்.

"ஆமான்னு போடுங்க" என்றார் தளவாய். "நான் சொன்னத அப்படியே எழுதுங்க."

எழுதினேன்.